பனிப்போரைப் புளியங்கொட்டையில் தொடங்குங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகத்தை, அதிலும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் போர் தொடுக்காமல் முறைத்துக்கொண்டு நின்ற பனிப்போரை, நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். பாதிப் பேர் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். ஆரம்பத்தில் முதலாளித்துவம், பொதுவுடைமை என்று விளக்கம் எழுதிப் போட்டுத்தான் தொடங்குவேன். மனப்பாடம் செய்தார்கள், மார்க்கும் வாங்கினார்கள். ஒருநாள் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், ஹிட்லரை எதுத்து ஒண்ணா நின்னவங்க, ஜெயிச்சதும் ஏன் மொறைச்சுக்கிட்டாங்க?" அவளுக்குப் புரியும்படி என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு மாற்றிக்கொண்ட முறை இது.

ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை 10 லட்சம் உயிர். போரில் சோவியத் யூனியன் இழந்தது ஏறத்தாழ 2.7 கோடிப் பேரை. அந்த 27 கொட்டைகளையும் பிள்ளைகளே ஒவ்வொன்றாக எண்ணி வைக்கட்டும், நீங்கள் வைத்துவிடாதீர்கள். பிறகு அமெரிக்கா. இறந்தவர்கள் சுமார் 4 லட்சம், அரைக் கொட்டைகூட வராது. பாக்குவெட்டியால் ஒரு கொட்டையை நறுக்கித் துண்டை வையுங்கள். திண்ணையில் பேச்சு நின்றுவிடும். (1943 வங்காளப் பஞ்சத்துக்கு நான் தனியாக 2 கொட்டை வைப்பேன். அதையும் விடக் கூடாது.)

இப்போது கேளுங்கள்: முப்பது வருஷத்துக்குள் இரண்டு முறை ஜெர்மனியிடம் அடி வாங்கியவன், பக்கத்து நாடுகள் யார் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பான்? சோவியத் தலைவர் ஸ்டாலினின் பயம் பிள்ளைகளுக்கே விளங்கும். அதோடு நிறுத்தினால் பாடம் ஒருபக்கமாகிவிடும். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் அமெரிக்க, பிரிட்டன், சோவியத் தலைவர்கள் போலந்துக்குச் சுதந்திரமான தேர்தல் என்று ஒப்புக்கொண்டார்கள். அது நடக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அமெரிக்கப் பக்கத்தில் ஆலைகள் சேதமில்லாமல் நின்றன. 1949 ஆகஸ்ட் வரை அணுகுண்டு அவர்களிடம் மட்டும்தான் இருந்தது. எதிரில் இருப்பவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

அடுத்தது சாக்பீஸ். ஜெர்மனியை வரைந்து அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என நாலு மண்டலமாகப் பிரியுங்கள். தலைநகர் பெர்லின் சோவியத் மண்டலத்துக்குள் இருப்பதும், அந்த ஊரும் நாலாகப் பிரிக்கப்பட்டதும்தான் பிள்ளைகள் குழம்புகிற இடம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் வைத்திருந்தவை மேற்கு மண்டலங்கள். அவற்றின் எல்லையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே இருந்தது பெர்லின். நான் சேலத்தையே பெர்லின் ஆக்கிவிடுவேன். கோயம்புத்தூர்தான் மேற்கு மண்டலத்து எல்லை. நடுவில் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவினாசி எல்லாம் சோவியத் கையில். நம் ஊரின் மேற்குப் பாதி மட்டும் கோயம்புத்தூர் ஆட்கள் பொறுப்பில். அதுதான் மேற்கு பெர்லின்.

1948 ஜூனில் மேற்கு மண்டலங்களில் புது நாணயம் வந்தது. அதை எதிர்த்து 24-ஆம் தேதி மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் சோவியத் அடைத்தது. மேற்கு பெர்லினில் 20 லட்சத்துக்கும் மேல் ஜனம். ஆகாயம் மட்டும் திறந்திருந்தது. விமானத்தில் எது அதிகம் போயிருக்கும் என்று கேளுங்கள். அரிசி, கோதுமை, பால்பவுடர் என்பார்கள். பாதிக்கும் மேலே நிலக்கரி! அடுப்புக்கும் கரண்டுக்கும் குளிருக்கும் அதுதான். பெரிய விமானம் ஒன்று சுமார் 10 டன் ஏற்றும். 25 கிலோ அரிசி மூட்டையாகப் பார்த்தால் 400 மூட்டை. லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். 1949 மே 12 அன்று முற்றுகை விலகும்வரை இப்படியே ஓடியது.

அமெரிக்கா பண உதவி செய்த மார்ஷல் திட்டம், அமெரிக்கப் பக்கத்து ராணுவக் கூட்டணியான நேட்டோ, சோவியத் பக்கத்துக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் மூன்றுக்கும் அரை மணி நேரம் போதும். ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த சுமார் 1,300 கோடி டாலர், 1949 ஏப்ரலில் நேட்டோ, 1955-ல் வார்சா. பயம் புரிந்த பிள்ளைக்கு இந்த வருஷங்கள் தானாக நிற்கும். விளக்கத்தைக் கடைசியில் எழுதிப் போடுங்கள், பரீட்சைக்கு வேண்டும்.

கொட்டைகளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த வாரம் கொரியப் போர் வருகிறது.