ஜெர்மன் அரச திருமண நாணயம்: விளிம்பை முதலில் பாருங்கள்

வூர்ட்டம்பெர்க் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் - சார்லொட்டெ தம்பதியின் திருமண வெள்ளி விழாவுக்கு 1911இல் வந்த 3 மார்க் நாணயத்தைச் சிலர் 'பேட்டர்ன்' (வெளியீட்டுக்கு முன் சோதனைக்காக அடித்த மாதிரி நாணயம்) என்று சொல்லி விற்கிறார்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் வழுவழுப்பான விளிம்பு. அது மட்டும் போதாது.

சாதாரண நாணயத்தின் விளிம்பில் 'கோட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்ற ஜெர்மன் வாசகம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதை அராவி அழித்தால் விட்டமும் எடையும் குறைந்துவிடும். சரியான அளவு 33 மி.மீ., 16.67 கிராம். விட்டம் அளக்கும் காலிப்பரை நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். கையால் அராவியது சீரான வட்டமாக இருக்காது.

அடுத்து, உலோகம் வெள்ளிதானா என்று பார்க்க, 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. 900 வெள்ளி (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி) என்றால் சுமார் 1.62 கிராம் காட்டும். அதே எடையுள்ள, வெள்ளி முலாம் பூசிய செம்பு-நிக்கலில் சுமார் 1.87 வரும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடிவிடும், தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இதே நாணயத்தில் 'சார்லொட்டெ' பெயரிலுள்ள ஹெச் எழுத்தின் குறுக்குக்கோடு சற்று உயரத்தில் இருந்தால் அது அரிய வகை. பேட்டர்ன் அல்ல, ஆனாலும் நல்ல விலை போகும். லென்ஸ் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.