கீழ் ஃப்ரீசர் ஃபிரிட்ஜ்: கேஸ் ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

"கீழே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, மேலே கூலிங்கே இல்லை. கேஸ் போய்விட்டது போல." ஃபிரிட்ஜ் வேலைக்கு என்னை அழைப்பவர்களில், கீழே ஃப்ரீசர் உள்ள மாடல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே பதில் இருக்கிறது. கீழே ஐஸ் கல்லாக உறைகிறது என்றால் கேஸ், அதாவது குழாய்களுக்குள் சுற்றிக் குளிரை உண்டாக்கும் வாயு, அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. குளிர் உண்டாகிறது, மேலே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகை ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்குக் குளிரூட்டும் காயில் (சுருள் குழாய்) ஒன்றே ஒன்று. அது ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மேல் அறையில் குளிர் உண்டாவதே இல்லை. காயிலுக்கு மேலே உள்ள சின்ன ஃபேன், முதுகுப்பக்கக் காற்றுப் பாதை வழியாகக் குளிர்காற்றை மேலே தள்ளுகிறது. நடுவில் டாம்பர் என்ற சிறு கதவு திறந்து மூடி அளவு பார்க்கும். குளிர்காற்று கனமானது, தானாக ஏறாது. ஆகவே ஃபேன் நின்றாலோ பாதை அடைத்தாலோ மேல் அறை முதலில் படுத்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வைக்கும்போதே சரியாக வைத்தல்

புதிதாக வந்தாலும் வீடு மாறி வந்தாலும், ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டு வரவேண்டும். படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் உடனே சுவிட்ச் போடாதீர்கள். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். அது திரும்பி இறங்க நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம் நிற்கட்டும். அதிக நேரம் படுத்திருந்தால் ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுவதுதான் நல்லது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அடுப்பும் வெயிலும் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள தட்பவெப்ப வகை. என் (N) என்றிருந்தால் சுற்றுப்புறம் 16 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரைக்கும், எஸ்டி (ST) என்றால் 38 வரைக்கும், டி (T) என்றால் 43 வரைக்கும் தாங்கும்படி செய்தது. என் (N) வகை ஃபிரிட்ஜை வெக்கையான மூலையில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்னாலும் மேலேயும் எவ்வளவு இடைவெளி என்று கையேட்டில் போட்டிருக்கும். கையேடு தொலைந்துவிட்டால் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டராவது விடுங்கள். பக்கச் சுவர்கள் சூடாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இப்போது வரும் பல மாடல்களில் வெப்பத்தை வெளியே விடும் குழாய் பக்கத் தகட்டுக்குள்தான் ஓடுகிறது.

அப்புறம் மட்டம். ஃபிரிட்ஜின் மேல் ரசமட்டத்தை வைத்து, இடம் வலம் சமமாகும் வரை முன் கால்களைத் திருகுங்கள். முன்பக்கம் மட்டும் பின்பக்கத்தைவிட ஒரு சிறிது உயர்ந்திருக்கட்டும். கதவைப் பாதி திறந்து கையை எடுத்தால் அது தானாக மெல்லச் சாத்திக்கொள்ள வேண்டும். எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் ஏதோ ஒரு கால் தரையைத் தொடவில்லை. கதவு கோணலாகத் தெரிகிறதே என்று கீலை வளைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. காலைத் திருகினாலே பெரும்பாலும் நேராகிவிடும்.

கதவைப் பக்கம் மாற்ற வேண்டுமானால், முதலில் மேல் கீல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயர் கொத்து போகிறது என்றால், அதாவது கதவிலேயே டிஸ்ப்ளே இருக்கிறது என்றால், கையேட்டில் வழி சொல்லியிருந்தால் ஒழிய அந்த வேலையைத் தொடாதீர்கள். ஒயர் இல்லாவிட்டால் வரிசை எளிது: பிளக்கைப் பிடுங்கி, கதவுத் தட்டுகளைக் காலி செய்து, மேல் கீல், மேல் கதவு, நடுக் கீல், கீழ்க் கதவு, கடைசியாகக் கீழ்க் கீல். நடுக் கீலை அவிழ்க்கும் முன் கீழ்க் கதவைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கட்டும். நடுக் கீலின் ஊசியில் மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் இருக்கும். கதவோடு ஒட்டிக்கொண்டு வந்து எங்கேயாவது விழுந்துவிடும். அது இல்லாமல் மாட்டினால் கதவு தொங்கும், உரசும். மாற்றிய பிறகு புதுப் பக்கத்தில் கேஸ்கெட், அதாவது கதவோர ரப்பர் பட்டை, சரியாக ஒட்டாவிட்டால், ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டி விரலால் இழுத்து நேராக்குங்கள். ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்தால், சுற்றிலும் எல்லா இடத்திலும் பிடிமானம் தெரியவேண்டும்.

சுவரில் எர்த் உள்ள தனி பிளக் பாயிண்ட்டில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். மேல் அறைக்கு 4 டிகிரி, ஃப்ரீசருக்கு மைனஸ் 18 வைத்துவிட்டு ஒரு நாள் பொறுங்கள். விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே எல்லாம் காட்டுகிறது, ஆனால் குளிரவே இல்லை என்றால் கடையில் காட்சிக்கு வைக்கும் டெமோ மோடில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். புது ஃபிரிட்ஜ் பழுது என்று என்னை வரச்சொன்ன வீட்டில் பட்டனை அமுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

மேலே குளிரவில்லை என்றால்

முதலில் காற்று வரும் துளைகளை மறைத்து எதையாவது அடுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃப்ரீசர் கதவைத் திறந்து, கதவு சுவிட்சை விரலால் அமுக்கிக் கொண்டு காது கொடுங்கள். பல மாடல்களில் கதவு திறந்ததும் ஃபேன் நின்றுவிடும். சுவிட்சை அமுக்கினால்தான் ஓடும். கம்ப்ரசர் ஓடும்போதும் ஃபேன் சத்தம் இல்லை, அல்லது எதிலோ உரசுகிற சத்தம் வருகிறது என்றால் பின்பலகையைத் திறக்கும் வேளை வந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்குங்கள். டிராயர்களை எடுங்கள். பலகையின் ஸ்க்ரூக்கள் சின்ன பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் இருக்கும். ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் பலகை வரவில்லை என்றால் உள்ளே ஐஸ் பிடித்திருக்கிறது. இழுக்காதீர்கள், பலகையும் உடையும், பின்னால் உள்ள ஒயரும் அறுந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே ஒரு துணிமேல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், எதையும் ஐஸில் குத்தவேண்டாம். காயில் பெரும்பாலும் அலுமினியம். ஓர் ஓட்டை விழுந்தால் அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும்.

பலகை வந்ததும் எதையும் உருக்காமல் ஒரு நிமிடம் காயிலைப் பாருங்கள், போன் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். நோய் என்ன என்று அந்தப் பனியே சொல்லும்.

காயில் முழுவதும் மாவு சலித்தாற்போல் சீராக மெல்லிய வெண்பனி படர்ந்திருக்கிறதா? கேஸ் சரியாக இருக்கிறது. குற்றம் ஃபேனில், டாம்பரில், அல்லது மேலே போகும் பாதையில். ஃபேன் இறக்கையை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும்.

தகடுகளே தெரியாதபடி கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிறதா? டீஃப்ராஸ்ட், அதாவது காயிலில் சேரும் பனியைத் தானாக உருக்கும் ஏற்பாடு, வேலை செய்யவில்லை, அல்லது கதவு சரியாக மூடாமல் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போகிறது. நான் பார்ப்பதில் அதிகம் இதுதான். கீழே கல் மாதிரி உறைந்து, மேலே வெதுவெதுப்பாக இருப்பதும் இதனால்தான். காற்று நுழைய இடமில்லை.

குழாய் நுழையும் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கிறதா? இப்போது கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். கம்ப்ரசர் ஓடியும் பனியே இல்லை என்றாலும் அப்படித்தான்.

இரண்டாவது வகை என்றால், சாமான்களை வேறு ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பிளக் இல்லாமல், இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐஸை மட்டும் ஹேர் டிரையரால் உருக்கிவிட்டுப் பலகையை மூடினால், காற்றுப் பாதைக்குள் இருக்கும் கட்டி அப்படியே இருக்கும். முழுதும் உருகியபின் நன்றாக ஓடி, ஓரிரு வாரத்தில் மறுபடியும் அதே கதையென்றால் டீஃப்ராஸ்ட் சர்க்யூட்டில்தான் பழுது. கேஸ்கெட் சரியாக இருக்கும்பட்சத்தில் இதில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், பிளக் பிடுங்கிய நிலையில், காயிலுக்கு அடியில் பனியை உருக்க வைத்திருக்கும் ஹீட்டரை அளக்கலாம். தொடர்பு காட்டவேண்டும்; காட்டவில்லை என்றால் எரிந்துவிட்டது. சூடு மீறினால் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸும் எப்போதும் தொடர்பு காட்டவேண்டும். டீஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் மட்டும் வேறு ரகம். அது உறைநிலைக்குக் கீழே போன பிறகுதான் இணையும். அறை வெப்பத்தில் வைத்து அளந்துவிட்டு, தொடர்பு இல்லை, போச்சு என்று நல்ல தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிகிறார்கள். உறைந்த ஐஸோடு கொஞ்சம் உப்பு கலந்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு தெர்மோஸ்டாட்டைச் சிறிது நேரம் அதில் அமுக்கி வைத்துவிட்டு அளந்து பாருங்கள். புது மாடல்களில் இதற்குப் பதில் சென்சார் இருக்கும். குளிரக் குளிர அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். எவ்வளவு இருக்கவேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ஃப்ரீசர் அடியில் ஐஸ் பாளம், தரையில் தண்ணீர்

டீஃப்ராஸ்ட் நேரத்தில் உருகும் நீர், காயிலுக்கு அடியில் உள்ள துளை வழியாக ஒரு குழாயில் இறங்கி, கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். துளை அடைத்தால் நீர் ஃப்ரீசருக்குள் வழிந்து டிராயருக்கு அடியில் பாளமாக உறையும், மிச்சம் கதவு வழியாகத் தரைக்கு வரும். பாளத்தை மட்டும் பெயர்த்து எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் கட்டும்.

பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்துத் துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். பின்னால் தட்டில் சொட்டும் சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள். நீர் இறங்கியும் மெதுவாகவே போகிறது என்றால், பின்பக்கம் கீழ் மூடியைக் கழற்றி, குழாயின் முனையில் உள்ள ரப்பர் மூக்கைப் பாருங்கள். அதன் பிளவு தூசியாலும் பாசியாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவி மாட்டலாம், தடித்துப்போயிருந்தால் மாற்றலாம். திரும்பத் திரும்பத் துளையிலேயே உறைந்தால், தடித்த செம்புக் கம்பியை ஹீட்டரில் சுற்றி மறுமுனையைத் துளைக்குள் இறக்கிவிடுவது எங்கள் தொழிலில் பழக்கம். கையேட்டில் இது இருக்காது. ஆனாலும் வேலை செய்கிறது.

கம்ப்ரசர் பக்கம்

சில நிமிடத்துக்கு ஒருமுறை டிக் என்ற சத்தம், பிறகு அமைதி: கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கிறது. முதலில் மின்னழுத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். சாதாரண கம்ப்ரசர் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் ரிலேயைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று உடைசல் சத்தம் கேட்டால் அதை மாற்றினால் போதும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் கை வைக்காதீர்கள். அதற்கு ஃபிரிட்ஜில் உள்ள சர்க்யூட் போர்டிலிருந்துதான் மின்சாரம் போகவேண்டும், நேரடியாகக் கொடுத்தால் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த போர்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேஸ் வேலை வீட்டில் செய்யக்கூடியது அல்ல. இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ இருக்கிறது. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றவேண்டும் என்றால், கசிவு எங்கே என்று கேளுங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏற்றுவது வீண். குழாயில் ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றுகிறாரா, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் போடுகிறாரா, எடை போட்டு ஏற்றுகிறாரா என்று பாருங்கள். எவ்வளவு கிராம் என்பது ஃபிரிட்ஜின் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். ஆர்600ஏ என்றால் அது மிகச் சிறிய அளவு; குழாயைத் தொட்டுப் பார்த்துக் கைக்கணக்கில் ஏற்றுகிறேன் என்பவரை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.