பழைய விண்வெளிச் சண்டை, வணிகக் கேம்களைப் புதுக் கணினியில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விங் கமாண்டரில் கப்பல் கிளம்பியதுமே எதிரிகள் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து, சுட்டு, காணாமல் போகிறார்களா? கேம் கடினமானது என்று அதை மூடி வைத்துவிடாதீர்கள். கணினி அதைப் பல மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 1990-இல் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட அந்தக் கேமில் வேகத்துக்கு வரம்பு கிடையாது. பிராசசர் எவ்வளவு விரைவாகக் கணக்குப் போடுகிறதோ அவ்வளவு விரைவாகக் கப்பலும் பறக்கும். 386 என்ற பிராசசர் உள்ள அன்றைய கணினியில் அது சரியான வேகம். இன்றைய லேப்டாப்பில் வேகத்தை நாம்தான் பிடித்து வைக்க வேண்டும்.

இந்த வகைக் கேம்களில் வரும் பிரச்சினைகளில் பாதி, அவை எதிர்பார்க்கும் கணினியை நாம் அமைத்துக் கொடுக்காததால் வருபவை. மீதி, இன்றைய கேம்களில் பழகிய கையோடு அவற்றுக்குள் போவதால் வருபவை.

வேகத்தை அப்படியே விட்டுவிடுவது

டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்துக் கேம்களுக்கு, அன்றைய கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில், கேமுக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லும் ‘சைக்கிள்ஸ்’ என்ற ஒரு வரி இருக்கும். பலரும் அதை ‘ஆட்டோ’விலேயே விட்டுவிடுகிறார்கள். பழைய டாஸ்பாக்ஸில் ஆட்டோ என்றால், ரியல் மோடில் (பிராசசரின் பழைய, எளிய முறை) ஓடும் கேமுக்கு 3000 சைக்கிள், புரொடெக்டட் மோடுக்கு (கூடுதல் நினைவகத்தை எட்டும் முறை) போகும் கேமுக்குக் கணினியின் முழு வேகம். ஒரு கேம் தவழ்வதும் இன்னொரு கேம் தறிகெட்டு ஓடுவதும் இதனால்தான். சரி என்று ‘மேக்ஸ்’ போட்டால் ஒலி கரகரக்கும், லேப்டாப் கொதிக்கும். மே மாதச் சேலத்து வெயிலில் மின்விசிறிக் காற்றே சூடாக வரும்போது இது தேவையில்லாத வேலை.

‘ஃபிக்ஸ்டு’ என்று எழுதி, பக்கத்தில் எண்ணைக் கொடுங்கள். 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு ஏறக்குறைய 6000, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு ஏறக்குறைய 25000 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். விங் கமாண்டர் முதல் பாகத்துக்கு 3000-இல் தொடங்குங்கள். 1993-இல் வந்த ஃபிரான்டியர்: எலைட் 2-க்கு 15000 முதல் 25000 வரை கொடுத்தால் கோள்களின் மேல் பறக்கும்போது படம் திக்காது. கேம் ஓடும்போதே கன்ட்ரோலோடு எஃப்12-ஐ அழுத்தினால் வேகம் 10% கூடும், எஃப்11-ஐ அழுத்தினால் 20% குறையும். சில லேப்டாப்களில் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் ஒலியோ வெளிச்சமோதான் மாறும்.

வேகத்தைச் சரிபார்க்கும் இடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. வெறும் விண்வெளியில் கப்பலை ஓட்டிப் பார்த்து எண்ணை முடிவு செய்யாதீர்கள். திரையில் எதுவும் இல்லாதபோது கணக்கு குறைவு, அதனால் கேம் வேகமாக ஓடும். எதிரிக் கப்பல்கள் மூன்று நான்கு ஒரே சமயத்தில் கண்ணெதிரே சுற்றும்போது குறிவைக்க முடிகிறதா என்று பாருங்கள். அங்கே கிடைக்கும் எண்தான் உங்கள் எண்.

ஃபோல்டரும் பழைய சிடியும்

டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸின் சி டிரைவை முழுவதுமாக மவுன்ட் செய்யாதீர்கள் (டாஸ்பாக்ஸில் ஒரு டிரைவாக இணைப்பதுதான் மவுன்ட்). அந்தக் காலத்து இன்ஸ்டாலருக்குக் கண்ட இடத்தில் எழுதும் பழக்கம் உண்டு. தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதை மட்டும் மவுன்ட் செய்தால் போதும். அதற்குத் தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். டாஸுக்கு அது புரியாது. எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயராக இருக்கட்டும்.

பழைய சிடி கையில் இருக்கிறது என்றால் முதல் வேலை அதைப் பிரதி எடுப்பது. ஏற்காட்டுப் பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். உறையில் வைத்த சிடியில்கூடப் பூஞ்சை படரும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஒட்டி ஓடும், டிரைவால் அதைத் தாண்டிப் படிக்க முடியாது. பிரதியை ஐஎஸ்ஓ வடிவத்தில் எடுத்தால் தரவு மட்டும்தான் வரும். பாட்டைச் சிடியின் ஆடியோ டிராக்காக வைத்திருக்கும் கேம் அப்புறம் ஊமையாகத்தான் ஓடும். ‘பின்’, ‘கியூ’ என்று இரண்டு கோப்புகளாக எடுத்து, கியூ கோப்பை மவுன்ட் செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் வந்த விண்டோஸ் கேம்களில் வேறொரு சிக்கல். கேம் 32-பிட்டாக இருக்கும், ஆனால் அதை நிறுவும் செட்டப் நிரல் 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலைத் தொடவே தொடாது. “இந்தக் கேம் இந்தக் கணினியில் ஓடாது” என்று கடையில் சொல்லக்கூடும். ஓடாதது செட்டப் மட்டும்தான். அதேபோல, சேஃப்டிஸ்க் என்ற பிரதித் தடுப்புப் பூட்டுப் போட்ட சிடிகளை விண்டோஸ் 10 ஏற்காது. அந்தப் பூட்டுக்கான டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்தால் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. இதற்காக எங்கிருந்தோ கிடைக்கும், பூட்டை உடைக்கும் ‘கிராக்’ கோப்பைப் போட்டு வைரஸை வாங்கிக்கொள்ள வேண்டாம். விங் கமாண்டர், பிரைவட்டியர், எக்ஸ்-விங், டை ஃபைட்டர், ஃபிரீஸ்பேஸ் 2 எல்லாமே ஜிஓஜி என்ற இணையக் கடையில் பூட்டில்லாமல், இன்றைய விண்டோஸில் ஓடும்படி கிடைக்கின்றன. தள்ளுபடிக் காலம் வரை காத்திருந்தால் விலையும் குறைவு.

கை, கண்

எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர், எக்ஸ்-விங் அலையன்ஸ் இரண்டும் ஜாய்ஸ்டிக் இல்லாமல் விளையாட்டுக்கே வராது. கேமைத் திறந்த பிறகு ஜாய்ஸ்டிக்கைச் செருகுவது வழக்கமான தவறு. தொடங்கும் நொடியில்தான் அது தேடும். முதலில் செருகுங்கள், பிறகு திறங்கள். பரணிலிருந்து 15 ஊசி கேம்போர்ட் ஜாய்ஸ்டிக்கை எடுத்துவிட்டு, அதற்கு யுஎஸ்பி முனை மாற்றும் வெறும் பிளக்கை வாங்கினால் காசு வீண். உள்ளே மின்சுற்று உள்ள கன்வர்ட்டர்தான் வேலை செய்யும்.

டாஸ்பாக்ஸில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலேயே கப்பல் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஜாய்ஸ்டிக் பகுதியில் ‘டைம்டு’ என்ற வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கிப் பாருங்கள். ஸ்டிக் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

கீபோர்டிலேயே விளையாடுவதாக இருந்தால், பல லேப்டாப் கீபோர்டுகள் சில பொத்தான்களில் மூன்றை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவதை விட்டுவிடும். திரும்பிக்கொண்டே வேகம் கூட்டிச் சுடும்போது லேசர் மட்டும் வேலை செய்யாமல் போவது இதனால். கன்ட்ரோலோடு எஃப்1 அழுத்தி டாஸ்பாக்ஸின் கீமேப்பரைத் திறந்து, சுடும் பொத்தானை ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோல் பக்கம் மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

திரையைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: 320-க்கு 200 என்ற படம் அன்றைய 4:3 மானிட்டரில் உயரவாக்கில் இழுத்துக் காட்டப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ‘ட்ரூ’ ஆக்காவிட்டால் கோள் எல்லாம் அமுங்கிய தட்டு வடை போலத் தெரியும். அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பினால் இன்னும் மோசம். 1080 உயரத் திரையில் படம் 1440-க்கு 1080 அளவில் நடுவில் நிற்கட்டும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

எலைட்டில் முதல் நூறு கிரெடிட்

1984-இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் 32 கிலோபைட் நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோ என்ற கணினிக்காக எழுதிய எலைட்டில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். உங்களுக்குத் தருவது ஒரு கோப்ரா கப்பல், 20 டன் சரக்கு இடம், 100 கிரெடிட். தொடங்கும் இடம் லேவ்.

இங்கே முதல் தவறு சண்டைக்குப் போவது. கப்பலில் இருப்பது முன்பக்கம் ஒரு பல்ஸ் லேசரும் மூன்று ஏவுகணைகளும்தான். இது முதலில் வியாபாரம், பிறகுதான் போர். சேலத்துக்காரருக்கு இதன் கணக்கு புதிதல்ல. மலையிலிருந்து காப்பியும் மிளகும் இறங்குகின்றன. லீ பஜாரிலிருந்து அரிசியும் பருப்பும் ஏறுகின்றன. வண்டி இரண்டு பக்கமும் காலியாகப் போவதில்லை. எலைட்டிலும் அதேதான். லேவ் வேளாண் உலகம், அங்கே உணவும் துணியும் மலிவு. ஜாவோன்ஸ் தொழில் உலகம், அங்கே கணினிகள் மலிவு. லேவில் உணவு வாங்கி ஜாவோன்ஸில் விற்று, அங்கிருந்து கணினி வாங்கித் திரும்புங்கள். ஒரு பக்கம் காலியாக வந்தால் லாபம் பாதி. கையிருப்பை எல்லாம் சரக்கில் போட்டு எரிபொருளுக்குக் காசில்லாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கும்.

போகும் ஊரின் ஆட்சி என்ன என்று பார்க்காமல் தாவுவது இரண்டாவது தவறு. அனார்க்கி, ஃபியூடல் என்று போட்டிருந்தால் கொள்ளையர் கூட்டம் காத்திருக்கும். கார்ப்பரேட் ஸ்டேட், டெமாக்ரசி பக்கம் பயணம் அமைதி. போதைப்பொருள், அடிமை, ஆயுதம் ஆகிய மூன்றிலும் லாபம் தெரியும், ஆனால் போலீஸ் வைப்பர் கப்பல்கள் பின்னால் வரும்.

காசு சேர்ந்ததும் எதை வாங்குவது? 400 கிரெடிட்டுக்குப் பெரிய சரக்கறை, 20 டன்னை 35 ஆக்கும். அது போட்ட காசைச் சீக்கிரம் திருப்பித் தரும். பிறகு 600-க்கு ஏவுகணைத் தடுப்புக் கருவியான இசிஎம், 1000-க்கு பீம் லேசர். 6000 கிரெடிட் மிலிட்டரி லேசருக்காக எதையும் வாங்காமல் சேர்த்து வைப்பவர்கள் அதற்குள் கப்பலையே இழந்துவிடுவார்கள்.

அடுத்து, பலரையும் அழ வைக்கும் இடம்: ஸ்டேஷனுக்குள் நுழைவது. ஸ்டேஷன் சுழன்றுகொண்டே இருக்கும், வாசல் ஒரு நீள் பிளவு. அது எப்போதும் கோளைப் பார்த்தபடி இருக்கும். தெரிந்ததும் நேராக அதன் மேல் பாய்வதுதான் தவறு. பக்கவாட்டிலிருந்து வந்தால் சுவரில்தான் மோதுவீர்கள். முதலில் ஸ்டேஷனுக்கும் கோளுக்கும் நடுவே போய், கோளுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். வாசல் திரையின் நட்டநடுவில், பக்கம் சாயாமல் தெரிய வேண்டும். நெருங்க நெருங்க வேகத்தைக் குறையுங்கள். கடைசியில் ஸ்டேஷன் சுழலும் பக்கமே கப்பலையும் மெல்ல உருட்டி, பிளவு படுக்கைவாக்கில் நிற்கும்படி வைத்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள். நடுக்கோடு தப்பிவிட்டது என்று தோன்றினால் அருகில் வைத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள். விலகிப் போய் மறுபடி வாருங்கள். 1500 கிரெடிட் கொடுத்தால் டாக்கிங் கம்ப்யூட்டர் இதைச் செய்யும். ஆனால் கைவந்த பிறகு அந்தக் காசை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நிற்கும்போதுதான் சேமிக்க முடியும். யுபிஎஸ் இல்லாத வீட்டில், பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில், ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் சேமித்துவிடுங்கள்.

ஃபிரான்டியரில் பிரேக் போடுவது

எலைட் பழகிய கையோடு ஃபிரான்டியருக்குள் போனால் கோளில் மோதித்தான் நிற்பீர்கள். இங்கே நியூட்டனின் விதி அப்படியே நடக்கிறது. எஞ்சினை நிறுத்தினாலும் கப்பல் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவருக்குத் தெரியும், வளைவுக்குள் போன பிறகு பிரேக் மிதிப்பதில் பயனில்லை. இங்கே அந்தக் கணக்கு பாதி வழியிலேயே தொடங்குகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை, புவியீர்ப்பைப் போல் 10 மடங்கு முடுக்கத்தில் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழி முடுக்கி, மீதி வழி கப்பலைத் திருப்பி எதிர்த்து எஞ்சின் கொடுத்தால் மொத்தம் ஏறக்குறைய 22 மணி நேரம். நடுவழியில் வேகம் நொடிக்கு 3,800 கிலோமீட்டரைத் தொடும். கடைசி ஒரு மணி நேரத்தில் அதைக் குறைக்க எந்தக் கப்பலாலும் முடியாது. அதனால் ஆட்டோபைலட் வாங்கி அதனிடம் விடுங்கள், நேரத்தை மட்டும் வேகப்படுத்துங்கள். காற்று மண்டலம் உள்ள கோளில் இறங்க அட்மாஸ்ஃபெரிக் ஷீல்டு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லாமல் இறங்கினால் கப்பல் எரிந்துபோகும்.

பழைய கேமை ஓட்டும் புதிய நிரல்கள், அவற்றின் துணைத் தொகுப்புகள் பற்றிச் சுருக்கமாக: ஃபிரீஸ்பேஸ் 2-இன் மூல நிரல் 2002-இல் வெளியானது. அதிலிருந்து வளர்ந்த ஓப்பன் வடிவம் இன்றைய திரைக்கு அழகாக ஓடும். ஆனால் படமும் ஒலியும் அடங்கிய, அசல் கேமின் விபி கோப்புகள் இல்லாமல் அது வெறும் கூடு. எலைட்டைப் பின்பற்றி எழுதிய ஊலைட்டில் முதல் நாளே முப்பது துணைத் தொகுப்புகளைச் சேர்த்தால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஏதாவது விநோதமாக நடந்தால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே திறங்கள், பழைய கேஷை (முன்பு படித்துச் சேமித்து வைத்த தரவை) விட்டுப் புதிதாகப் படிக்கும்.

கையேட்டின் பிடிஎஃப்-ஐயும் அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஃபிரான்டியரின் பழைய பதிப்பில் போலீஸ் உங்களை நிறுத்தி, கையேட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள சொல்லைப் பற்றிக் கேட்பார்கள். அது திருட்டுப் பிரதியைப் பிடிக்க வைத்த பூட்டு. ஊகித்துப் பதில் சொன்னால் கைதாகி ஆட்டம் முடிந்துவிடும். பதில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.