அமெரிக்காவிலிருந்து பழைய கார்: கப்பலேற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

என் தாய்மாமன் மகன் டெக்சாஸில் இருக்கிறான். ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் இருபது படம் வந்து விழுந்தது. 1965 ஃபோர்டு மஸ்டாங், இரண்டு கதவு ஹார்டுடாப், வெளிர்நீலம். கூடவே ஒரு குரல்பதிவு: "மாப்ள, விலை பேசி முடிச்சாச்சு. அட்வான்ஸ் குடுத்துறட்டுமா? நம்மூருக்குக் கொண்டாந்து ஓட்டணும்."

நம்மூர் என்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒர்க்‌ஷாப் இருப்பதால், குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் படம் முதலில் எனக்குத்தான் வரும். அன்றைக்கு நான் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான். "அட்வான்ஸ் இருக்கட்டும். முதல்ல இங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்ன கேப்பாங்கன்னு பாத்துட்டு, அங்கிருந்து பின்னாடி வருவோம்."

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டியைப் பார்த்து மனசு போய்விடுகிறது. பணம் கட்டி, கப்பலில் ஏற்றி, துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் சட்டத்தைப் படிக்கிறார்கள். அதற்குள் கண்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பழைய கார் எதை வேண்டுமானாலும் இறக்குமதி செய்ய முடியாது. சாதாரண செகண்ட் ஹேண்ட் கார் என்றால் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் அமெரிக்கக் காருக்கு அந்த வழி அடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். திறந்திருப்பது விண்டேஜ் வழி. முன்பு 1950-க்கு முன் தயாரான வண்டிகளுக்குத்தான் அந்தச் சலுகை. 2025 பிப்ரவரியில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அதை மாற்றி, ஐம்பது வயது நிரம்பிய வண்டி என்று வைத்தது. சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கொண்டுவந்த பிறகு இந்தியாவில் விற்கக் கூடாது. "ரெண்டு வருஷம் வெச்சிருந்துட்டு நல்ல விலைக்குக் குடுத்துடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது.

வீட்டுச் சாமானோடு சேர்த்துக் கொண்டுவந்தால் வரி கிடையாது என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் ரொம்ப நாளாக உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் வீட்டில் இதைக் கேட்காமல் வர முடியாது. 1962-ஆம் வருடத்துக் கஸ்டம்ஸ் சட்டம், 'பேகேஜ்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று சொல்லிவிடுகிறது. வேறு பேச்சே இல்லை.

அடுத்த தவறு வயதைக் கணக்கிடுவதில். நம்மூர் ஆர்.சி. புக்கில் முதல் பதிவுத் தேதி இருக்கும். அமெரிக்காவில் வண்டிக்கு உரிமைப் பத்திரம் 'டைட்டில்' என்கிற தாள். அதை அந்தந்த மாநிலம் கொடுக்கிறது. வண்டி கை மாறும்போது புதுத் தாள் அச்சாகும். ஆகவே 1965 காரின் டைட்டிலில் 2021 என்று தேதி இருக்கும். வண்டியின் மாடல் வருடம் மட்டும் தனியாக 1965 என்று இருக்கும். நம்முடைய விண்டேஜ் விதியோ முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் என்று கேட்கிறது. மாடல் வருடமும் முதல் பதிவும் ஒன்றல்ல. அமெரிக்கக் கம்பெனிகள் அடுத்த வருட மாடலை முந்தைய வருடத்து இலையுதிர்காலத்திலேயே கடைக்கு அனுப்பிவிடும். சில வண்டிகள் ஷோரூமில் மாதக்கணக்கில் நின்ற பிறகு விற்கும். ஐம்பது வயது விளிம்பில் இருக்கும் வண்டியைத் தொடவே வேண்டாம். ஐம்பதுக்கு மேல் நாலைந்து வருடம் தாண்டிய வண்டியாகப் பாருங்கள். விற்கிறவரிடம் பழைய டைட்டில் நகல், பழைய பதிவுச் சீட்டு, டீலர் ரசீது என்று எது இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். அந்த மாநில மோட்டார் வாகனத் துறையிலும் டைட்டில் வரலாற்றைக் கேட்கலாம். 1967 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் ஃபோர்டாக இருந்தால் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மார்ட்டி ரிப்போர்ட்டை வாங்கலாம். தயாரிப்புத் தேதி அதில் இருக்கும்.

இனி நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஏனென்றால் பணம் அதிகம் போவது இங்கேதான்.

இன்று நாம் பார்க்கும் பதினேழு எழுத்து சேஸிஸ் நம்பர் 1981 மாடலிலிருந்துதான் பொதுவானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழக்கம். 1930, 40-களின் வண்டி என்றால் சில மாநிலங்கள் எஞ்சின் நம்பரை வைத்தே டைட்டில் கொடுத்திருக்கும். பிறகு யாரோ எஞ்சினை மாற்றியிருப்பார்கள். தாளில் இருக்கும் எஞ்சின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். வண்டி அசல், தாளும் அசல், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. நம்மூர் இன்ஸ்பெக்டர் எதை நம்புவார்?

மஸ்டாங்குக்கு வருகிறேன். 1965 மாடலில் நம்பர் அடித்திருப்பது எஞ்சின் அறைக்குள், டிரைவர் பக்க உள்தகட்டின் மேல்விளிம்பில். மச்சானிடம் அந்த இடத்தைத் துணியால் துடைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். 5R07C என்று ஆரம்பித்தது. 5 என்றால் 1965, R என்றால் சான் ஹோசே தொழிற்சாலை, 07 ஹார்டுடாப், C என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 (கன அங்குலக் கணக்கு) எஞ்சின். டிரைவர் கதவில் ரிவெட் அடித்த தகட்டிலும் அதே நம்பர். டைட்டிலிலும் அதே. அவன் துள்ளிக் குதித்தான். விற்கிறவரும் "பார், எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். 289 எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போதே அதில் பதியும் வார்ப்பு எண் அதற்குப் பின்னால்தான் இருக்கும்; கழற்றாமல் தெரியாது. விற்கிறவருக்கு இஷ்டமில்லை, இரண்டு நாள் இழுத்தார். மூன்றாம் நாள் படம் வந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே C8 என்று ஆரம்பிக்கும் எண். ஃபோர்டு கணக்கில் C என்றால் அறுபதுகள், 8 என்றால் 1968. உள்ளே உட்கார்ந்திருந்தது வேறு வண்டியின் எஞ்சின். 302-ஆக இருக்கலாம்; வெளியிலிருந்து பார்த்தால் 289-க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவில் இது ஒரு குறையே இல்லை. ஓட்டுவதற்கு அந்த எஞ்சின் நன்றாகவே இருந்திருக்கும். நம்முடைய விதியில்தான் பிரச்சினை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்த்த 81ஏ முதல் 81ஜி வரையிலான பகுதி, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல மாநில அளவில் ஒரு கமிட்டி உண்டு. பழைய உடம்பில் புது எஞ்சின், டிஸ்க் பிரேக், புது சஸ்பென்ஷன் என்று அமெரிக்காவில் ஆசையாகச் செய்து விற்கும் 'ரெஸ்டோமாட்' வண்டிகள் பார்க்க அருமையாக இருக்கும், விலையும் கூட. இங்கே விண்டேஜ் பதிவுக்கு அந்த மாற்றங்களே தடையாக வந்து நிற்கும். இதே காரணத்தால்தான், "இடது பக்க ஸ்டியரிங் நம்ம ரோட்டுக்கு ஆகாது, வந்ததும் வலது பக்கம் மாத்திடலாம்" என்று சொல்லும் மெக்கானிக் பேச்சைக் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு இடது ஸ்டியரிங்கை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. மெக்கானிக்கலாகவோ எலெக்ட்ரிக்கலாகவோ சிக்னல் காட்டும் சாதனம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இண்டிகேட்டர் எரிகிறதா என்று பாருங்கள், ஸ்டியரிங்கில் கை வைக்காதீர்கள்.

அமெரிக்கப் பக்கத் தாள்களில் இன்னும் இரண்டு சங்கடம். வண்டியை நண்பர் பெயரில் வாங்கி, பிறகு நம் பெயருக்கு அனுப்புவது. ஏற்றுமதியின்போது அசல் டைட்டிலை அமெரிக்கக் கஸ்டம்ஸிடம் கப்பலேறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே காட்ட வேண்டும். டைட்டிலில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், இங்கே பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் தாள்) இன்னொரு பெயர் என்று இருந்தால் கேள்விக்கு மேல் கேள்வி. இறக்குமதி வண்டிக்கு விண்டேஜ் பதிவு கேட்கும்போது பில் ஆஃப் என்ட்ரியைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆகவே கடைசியில் யார் பெயரில் ஆர்.சி. வரவேண்டுமோ அவர் பெயர் முதலிலிருந்தே ஓட வேண்டும். இன்னொன்று, கடன் பாக்கியும், விபத்திலோ வெள்ளத்திலோ பெரிதாக அடிபட்ட வண்டி என்று சொல்லும் 'சால்வேஜ்' முத்திரையும் டைட்டிலில் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது.

விலையைக் குறைத்துக் காட்டும் யோசனையை யாராவது ஒரு ஏஜென்ட் கண்டிப்பாகச் சொல்வார். வேண்டாம். வரி போடுவது வண்டி விலை, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகையின் மேல். சுங்க வரியையும் சேர்த்த தொகையின் மேல் ஜி.எஸ்.டி. பெரிய கார்களுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வண்டி விலையைவிட வரி அதிகம் என்று வைத்துத்தான் வீட்டில் பேச வேண்டும். காட்டிய விலையில் சந்தேகம் வந்தால் அதை ஒதுக்கிவிட்டுத் தாங்களே மதிப்புப் போட 2007 மதிப்பீட்டு விதிகள் கஸ்டம்ஸுக்கு அதிகாரம் கொடுக்கின்றன. பொய்க் கணக்குக்கு வண்டியே பறிமுதலாகலாம். கொச்சி பக்கம், சென்னை பக்கம் என்று வசதிக்குத் துறைமுகத்தையும் முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியை எல்லாத் துறைமுகத்திலும் இறக்க விடமாட்டார்கள். இடத்தை முதலில் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு தவறு உண்டு. ஒரு வீடு கேரளத்தில், சித்தப்பா வீடு பொள்ளாச்சியில். கே.எல். 70-ஆ, டி.என். 41-ஆ, எதில் வரி குறைவு என்று பார்த்து விலாசம் கொடுப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். கேரளத்தில் வைத்து ஓட்டும் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்தவர்கள் 2017-இல் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 செப்டம்பரில் கொச்சி கஸ்டம்ஸ் 'நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனையில், பூட்டான் வழியாக முறைகேடாக வந்து வெளி மாநிலத்தில் பதிவானவை என்று சொல்லி எத்தனையோ வண்டிகளைப் பிடித்தார்கள். இந்த நிலைமையில் வேறு யாரோ கொண்டுவந்த பழைய காரை, பில் ஆஃப் என்ட்ரி பார்க்காமல் வெறும் ஆர்.சி.யை நம்பி வாங்காதீர்கள். சொந்தமாகக் கொண்டுவருகிறவர்களும், வண்டி நிஜமாக எந்த வீட்டில் நிற்குமோ அந்த விலாசத்தையே கொடுங்கள்.

விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பின்னால் வி.ஏ. என்று வரும். அந்த நம்பரோடு தினமும் சந்தைக்குப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விட நினைத்தால் அதுவும் நடக்காது.

கப்பல் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது அடி கண்டெய்னரின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர். மஸ்டாங் 4.6 மீட்டர், தாராளமாக நிற்கும். 1959 காடிலாக் 5.7 மீட்டர், கட்டி நிறுத்தக்கூட இடம் இருக்காது. அப்புறம், வண்டி வந்ததும் பெட்ரோல் ஹோஸ்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் மாற்றாமல் இங்கத்திய பெட்ரோலை ஊற்றாதீர்கள். இருபது சதவீத எத்தனால் அந்தக் காலத்து ரப்பரைத் தின்றுவிடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெளிர்நீல வண்டியை மச்சான் விட்டுவிட்டான். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது அரிசோனாவில் ஒன்று பார்த்திருக்கிறான். பனிக்கு உப்புப் போடாத வறண்ட ஊர், அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கிறது. பெயின்ட் வெளுத்துப் போயிருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது. 1971 டைட்டிலின் நகல் ஒன்றை விற்கிறவர் ஃபைலில் வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்காமலேயே ஒரு படம் அனுப்பினான். கழற்றிய ஸ்டார்ட்டர் மோட்டார் தரையில் கிடக்கிறது, டார்ச் வெளிச்சத்தில் பிளாக்கின் மேல் C5AE என்று தெரிகிறது.