நாய் காது தூக்கவில்லையென்றால் ஆள் வரவில்லை

முதலில் கேட்டது கிணற்றடியில். இரவு எட்டு மணியிருக்கும். வேலிக்கு அப்பால் ஒரு ஆண்குரல் என் பெயரைச் சொல்லி, "இவனை விடக்கூடாது" என்றது. நினைப்பு இல்லை, காதால் கேட்ட குரல்தான். டோர்ச் அடித்துப் பார்த்தேன், பனைகள் மட்டும் நின்றன.

அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து, கையில் நூல் கட்டினார். எங்கள் பக்கத்தில் "யோசனை கூடிப்போச்சு" என்பதோடு எல்லாம் முடிந்துவிடும். ஏழு மாதம் அப்படியே போனது. அப்புறம் அக்காதான் கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றினார். மனச்சிதைவு நோய் என்றார் டொக்டர். மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலை குழம்புவதைப் பற்றியும் சொன்னார். பேய் இல்லை என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

ரிஸ்பெரிடோன் குளிசை தந்தார்கள். குரல் ஒரேயடியாக நிற்கவில்லை. பக்கத்து வளவு றேடியோ போலத் தூரமானது. கை நடுங்கியது, அதற்கு இன்னொரு குளிசை. நான்காம் மாதம் "சுகமாயிட்டுது" என்று நானே நிறுத்தி, திரும்பவும் விழுந்தேன். அந்த மடத்தனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

மிச்சக் குரலுக்கு என் வழி இரண்டு. சந்தேகம் வந்தால் நாயைப் பார்ப்பேன். படலையில் ஆள் நின்றால் அது சும்மா கிடக்காது. காது தூக்கவில்லையென்றால் சத்தம் என் தலைக்குள்தான். மற்றது, வாய்க்குள் பாட்டு. வாய் அசையும்போது குரல் தணிகிறது. பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நேற்றும் வந்தது, வயலில் உரம் எறியும்போது. "பின்னேரம் வா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரம்புக்குப் போனேன்.