தோட்டப்புறத்தில் விடுமுறையும் பயணக் கட்டுரையும்

பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உறவினர் வீட்டில் தங்கும்போதே பயணக் கட்டுரை ஒன்றையும் எழுதி முடிக்க விரும்புவோர், புறப்படும் முன்பே விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்பது கட்டுரைக்கான கேள்வியாகாது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபின் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வெளியேறிய குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஏன் திரும்பி வருகின்றன என்று கேட்டால் எழுத நிறைய இருக்கும்.

அதிகாலையை எழுத்துக்கும் மாலையைக் குடும்பத்துக்கும் என வீட்டாருடன் பேசிப் பிரித்துக்கொள்வது நல்லது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் மரம் வெட்டும் வேலை, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவும் வேலை, அப்போதே தொடங்கிவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிரும்போது பாலும் குறையும். தோட்டம் தனியார் நிலமாதலால், அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்லி அனுமதி பெற்ற பிறகே உள்ளே செல்ல வேண்டும்.

முதியவர்களிடம் பேசுவதில்தான் கட்டுரைக்கு மிகுந்த பலன் கிடைக்கும். கவனமும் அங்கேதான் அதிகம் தேவைப்படும். பலர் ஆண்டைச் சொல்லாமல், ஜப்பான்காரன் காலம் (இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவை ஆண்ட காலம்), அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த நெருக்கடிநிலை) என்றே சொல்வார்கள். 1948 ஜூன் 16 அன்று இவ்வூருக்கு அருகில் எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலுமாக ஐரோப்பியத் துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்ததால், அந்தக் குறிப்பு மட்டும் போதாது. அப்போது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா, மரம் வெட்டத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டால் காலம் ஓரளவு சுருங்கும். பிறகு கோயில் திருப்பணிக் கல்வெட்டிலும் தமிழ்ப்பள்ளி அடிக்கல்லிலும் உள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். (ஒலிப்பதிவு செய்வதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியைக் கண்டதும் பேச்சு நின்றுபோவதும் உண்டு.) காலையில் எடுத்த குறிப்புகளை அன்று நண்பகலிலேயே பத்திகளாக்கிவிட வேண்டும், ஊர் திரும்பிய பின் எழுதலாம் என்று வைத்தவை பெரும்பாலும் குறிப்பாகவே நின்றுவிடுகின்றன.

பிள்ளைகளை உலா அழைத்துச் செல்லும் நாளையும் கட்டுரைக்குப் பயன்படுத்தலாம். 1877இல் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று பக்கத்து ஊரான கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதுபவருக்கு அங்குள்ள பேராக் சுல்தானின் அரண்மனையைவிட அந்த மரமே பயன்படும் என்பது என் கருத்து.

கிளம்புமுன் பேருந்து நேரம், கட்டணம், பேசியவர்களின் பெயர் எழுதும் முறை ஆகியவற்றை நேரில் சரிபாருங்கள். நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புவதாயின், தைப்பூசம், தீபாவளி சார்ந்த கட்டுரைகளைச் சில வாரங்களுக்கு முன்பே, படங்களுக்கான விளக்கத்துடன் அனுப்பிவிட வேண்டும்.