விரும்பிய விடை வந்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவர ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆய்வில் நேரும் பெருந்தவறுகள் பெரும்பாலும் கணக்குப் போடும்போது நேர்வதில்லை, அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. எதிர்பார்த்த விடையே வந்துவிட்டால் அந்தத் தவற்றைத் தேடவேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழுவதில்லை. செடியை ஆராய்பவர், துகளை ஆராய்பவர், எந்த மருந்து நோயாளிக்கு நல்லது என்று ஆராய்பவர் ஆகிய மூவருக்கும் இது பொது.

ஒரு முறை மாணவி ஒருவர் தக்காளி நாற்றுகளுக்குக் கடற்பாசிச் சாறு தெளித்து, மூன்று வாரத்தில் அவற்றின் உலர் எடை கூடியிருப்பதாகக் கணக்குடன் வந்தார். சாறு தெளித்தவை 50, தெளிக்காதவை 50. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் சோதனையும் சொன்னது. வளர்ச்சி அறைக்குள் போய்ப் பார்த்தபோது, சாறு பெற்ற நாற்றுகள் அனைத்தும் ஒரே குழித்தட்டில், வெளிச்சம் நன்றாக விழும் மேலடுக்கில் இருந்தன. மற்ற 50 நாற்றுகளும் கீழடுக்கில், விசிறிக் காற்று நேராக வீசும் இடத்தில் இருந்தன. அந்தத் தட்டின் ஓரக் குழிகளில் தென்னை நார்க்கழிவு வெளிறி, குழியின் சுவரை விட்டு விலகிக் காய்ந்திருந்தது. நடுக்குழிகளில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டியது. தட்டுகளை அடுக்கு மாற்றி வைத்து மறுபடி விதைத்தோம். இம்முறை சாறு பெறாத நாற்றுகளே எடை கூடின.

அந்த மாணவி உழைப்பில் குறை வைக்கவில்லை. நூறு நாற்றுகளையும் ஒவ்வொன்றாக உலர்த்தி நிறுத்திருந்தார். ஆனால் ஒரே தட்டில், ஒரே காற்றிலும் ஒரே வெளிச்சத்திலும் வளர்ந்த ஐம்பது நாற்றுகளை ஐம்பது தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது. அங்கே உண்மையில் ஒப்பிடப்பட்டது ஒரு தட்டும் இன்னொரு தட்டும் மட்டுமே. எத்தனை செடி வளர்த்தோம் என்பதைவிட, எத்தனை இடங்களில் ஒன்றையொன்று சாராமல் அந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தோம் என்பதே கேள்வி. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இதற்கு வழி வகுத்தார். வயலின் ஒரு மூலை வளமாகவும் இன்னொரு மூலை வறண்டும் இருப்பதை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே நிலத்தைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கு விட்டுவிட வேண்டும் என்றார். வளர்ச்சி அறையின் அடுக்குகளும் அத்தகைய வயல்தான்.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். சாறு பெறாத நாற்றுகளுக்கு எதுவுமே தெளிக்கப்படவில்லை. சாற்றில் தண்ணீரும் உண்டு, இலையில் ஒட்டுவதற்காகச் சேர்த்த சோப்புக் கரைசலும் உண்டு. ஒப்பீட்டு நாற்றுகளுக்கு அதே அளவு தண்ணீரும் சோப்பும் தெளித்தால்தான் சாற்றின் வேலை எது என்று பிரித்தறிய முடியும்.

மரபணு ஆய்விலும் இதே சறுக்கல் பெரிய அளவில் நேர்ந்திருக்கிறது. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் பற்றிக்கொள்ளும் ஏபிபி1 என்ற புரதம் இல்லாவிட்டால், ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் கரு இறந்துவிடும் என்று 2001 முதல் நம்பப்பட்டது. 2015-இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அந்த மரபணுவை மட்டும் துல்லியமாகச் செயலிழக்கச் செய்தபோது செடிகள் இயல்பாகவே வளர்ந்தன. பழைய செடிகளில் ஏபிபி1 மட்டும் கெடவில்லை. அதை அடுத்திருந்த வேறொரு மரபணுவும் சேர்ந்து கெட்டிருந்தது, கரு இறந்தது அதனால்தான். ஆகவே மரபணு கெட்ட ஒரே ஒரு திரிபுச் செடியை நம்பி மரபணுவின் வேலையைத் தீர்மானிக்கக் கூடாது. வேறு வழியில் உண்டாக்கிய இரண்டாவது திரிபும் அதே விளைவைத் தரவேண்டும், நல்ல மரபணுவைத் திரும்பக் கொடுத்தால் செடி தேறவும் வேண்டும்.

இயற்பியலுக்கு வந்தால், இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். 2011 செப்டம்பரில், ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்குச் சென்ற நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டதாக ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. மூன்று ஆண்டுகளில் பதிவான 15,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் அதற்கு ஆதாரமாக இருந்தன. தற்செயலுக்கு அங்கே இடமே இல்லை என்றது புள்ளியியல். ஆனால் கடிகாரத்துக்கு ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழையின் இணைப்பு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஒரே பக்கமாகச் சாயும் பிழையை எத்தனை ஆயிரம் பதிவுகள் சேர்ந்தாலும் சரிசெய்ய முடியாது. சராசரி எடுக்க எடுக்கத் தவறான விடைதான் மேலும் உறுதியானதாகத் தோன்றும். அந்தக் குழுவினர் தங்கள் முடிவைத் தாங்களே நம்பாமல் உலகத்தின் முன் வைத்து, பிழை தேடும்படி கேட்டுக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனை. 1913-இல் அவர் வெளியிட்ட எலக்ட்ரானின் மின்னூட்ட மதிப்பு, இன்று நாம் அறிந்ததைவிட அரை விழுக்காட்டுக்குச் சற்றே அதிகமாகக் குறைந்திருந்தது. காற்றின் பாகுநிலைக்கு, அதாவது துளியின் அசைவை அது தடுக்கும் அளவுக்கு, அவர் எடுத்துக்கொண்ட எண் சரியில்லாததே காரணம். விடை நம்பத் தகுந்ததாக இருந்ததால் அந்த எண்ணை யாரும் அவசரப்பட்டுச் சந்தேகிக்கவில்லை. எக்ஸ் கதிர் வழியாகக் கிடைத்த மதிப்பு ஒத்துப்போகாமல் உறுத்தியபோதுதான் பழைய பிழை வெளிப்பட்டது. அதிர்ச்சி தரும் விடைக்கு ஒளியிழையின் இணைப்புவரை தேடுகிறோம். இனிக்கும் விடைக்கும் அதே தேடல் வேண்டும். இக்காலத்துத் துகள் இயற்பியலில் பல குழுக்கள் ஆய்வு முறை முழுவதையும் முடிவு செய்து பூட்டிய பிறகே உண்மையான எண்ணைத் திறந்து பார்ப்பது, தங்கள் விருப்பம் தராசுத் தட்டில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மருத்துவமனையில் இந்தத் தவறுகளுக்கு விலையாகப் போவது உயிர். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு அடிக்கடி தடுமாறும் நோயாளிகள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம். துடிப்பைச் சீராக்கும் மருந்து கொடுத்தால் இறப்பு குறையும் என்று எண்ணியதில் தர்க்கப் பிழை எதுவும் தென்படவில்லை. அத்தகைய மருந்துகளான என்கைனைடும் ஃபிளெகைனைடும் இதய மின்பதிவில் (ஈசிஜி) துடிப்பை அழகாகச் சீராக்கிக் காட்டவும் செய்தன. அமெரிக்காவில் நடந்த காஸ்ட் ஆய்வில் இந்த மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். மருந்தற்ற மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-இல் அந்த மருந்துகள் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன. மின்பதிவு, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவு போன்றவை எளிதில் அளக்கக் கிடைக்கின்றன என்பதற்காக, நோயாளி பிழைத்தாரா, நலமாக நடமாடுகிறாரா என்ற கேள்வியின் இடத்தில் அவற்றை வைத்துவிடக் கூடாது.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் கருணைக்கு விடுவது இன்னொரு தவறு. நல்லெண்ணத்தோடுதான் அவர் நலிந்தவரைப் படுக்கையில் சேர்ப்பார், தெம்புள்ளவரை வீட்டுக்கு அனுப்புவார்; பிறகு இரு சாராரையும் ஒப்பிட்டால் சிகிச்சைகளின் வேறுபாடா, தெரிந்தெடுத்த கண்ணின் வேறுபாடா என்று சொல்லவே முடியாது. சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம் இதைத் தவிர்த்த விதம் நாம் பெருமைப்படத் தக்கது. அங்கே நோயாளிகள் வீட்டில் சிகிச்சை பெறுவதா, சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்குவதா என்பதைத் தற்செயல் ஒதுக்கீடு தீர்மானித்தது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன, வீடுகளிலோ நெரிசலும் வறுமையும். அப்படியிருந்தும் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தபோது இரு குழுக்களின் பலனிலும் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது; வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கும் அந்தத் தொற்று கூடிவிடவில்லை. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்ற துணிவு பிறந்தது இதனால்தான்.

1968-இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி பற்றிய ஆய்வு விரும்பிய விடையைத் தரவில்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. எவருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி பாதுகாப்பு அளிக்கவில்லை என்று முதற்கட்ட முடிவிலேயே தெரிந்தது. அந்தக் கசப்பான முடிவோடு ஆய்வைக் கைவிடாமல், அதே மக்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள்; அப்போதும் அதே விடைதான் வந்தது.